காலிப் பெட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு

மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவரிடம் போய், "உங்கள் கடையில் அதிக இடத்தை அடைத்துக் கொண்டிருப்பது எது?" என்று கேட்டால், அரிசி மூட்டை என்பார், எண்ணெய் டின் என்பார். கிடங்கைத் திறந்து பார்த்தால் உண்மை வேறாக இருக்கும். பிஸ்கட் வந்த பெட்டி, சோப்பு வந்த பெட்டி, தீப்பெட்டி வந்த பெட்டி என்று காலி அட்டைப்பெட்டிகள் கூரை வரை ஏறி நிற்கும். "எதற்கு?" என்றால், "எதற்காவது உதவும்" என்று பதில் வரும்.

பொம்மையார்பாளையத்தில் நாங்கள் 1984ஆம் ஆண்டு முதல் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். இத்தனை ஆண்டுகளாகக் கடைப் பையன்களுக்கு நாங்கள் சொல்லி வந்த பாடம் ஒன்றே: "காலிப் பெட்டி இடத்தைத் தின்னும். பழைய பேப்பர்காரரிடம் போடு." அந்தப் பாடத்தில் பாதிதான் சரி என்பதை எங்கள் சொந்த வீட்டிலேயே, அதுவும் ஒரு விளையாட்டுச் சாமான் விஷயத்தில், கற்றுக்கொள்ள நேர்ந்தது. நமது வணிகப் பெருமக்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

புயலுக்குப் பின் செய்த தவறு

எங்கள் மைத்துனர் பிரான்சில் இருப்பவர். புதுச்சேரியைச் சுற்றியுள்ள குடும்பங்களில் இது புதிதல்ல. 1990களின் பிற்பகுதியில் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் மகனுக்கு லெகோ கட்டைப் பெட்டி ஒன்று வாங்கி வருவார். சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று பொருத்திக் கட்டிடம், வண்டி, ரயில் என்று செய்வார்களே, அதுதான். தீயணைப்பு வண்டி, கோட்டை, ரயில் நிலையம் என்று பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. பையன் கட்டி முடித்ததை அலமாரியில் வைப்பான். காலிப் பெட்டியை எறிய விடமாட்டான். கிடங்கின் பரண்மேல் வரிசையாக அடுக்கி வைப்பான். படிப்பு, வேலை என்று அவன் சென்னைக்குப் போன பிறகும் அந்தப் பெட்டிகள் பரணிலேயே இருந்தன.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நம் பகுதியினர் யாரும் மறந்திருக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் கிடங்கிலும் முழங்கால் அளவு தண்ணீர். கீழ் வரிசைச் சர்க்கரை மூட்டைகள் கரைந்தன. தரையில் அடுக்கியிருந்த காலி அட்டைப்பெட்டிகள் ஊறிக் கூழாகி, சாக்கடை வழியை அடைத்துக்கொண்டன. தண்ணீர் வடியாமல் போனதற்கு அதுவே முக்கியக் காரணம். அந்தப் பெட்டிகளைச் சேர்த்து வைத்தவர்கள் நாங்களேதான்.

நஷ்டமும் ஆத்திரமும் சேர்ந்தால் புத்தி நிதானம் இழக்கும். "கிடங்கில் ஒரு காலி அட்டைகூட இருக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டோம். ஈரமான பெட்டியோடு, பரணில் நனையாமல் பத்திரமாக இருந்த மகனின் பெட்டிகளும் பழைய பேப்பர் வண்டியில் ஏறிப் போயின. அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். தன் மகளுக்குக் காட்ட வேண்டும் என்று நேராகப் பரண் ஏறினான். இறங்கி வந்து, "பெட்டியெல்லாம் எங்கப்பா?" என்றான். சொன்னோம். "காலிப் பெட்டிதானே" என்றும் சேர்த்துச் சொன்னோம். அவன் சண்டை போடவில்லை. "காலி இல்லைப்பா. எப்படிக் கட்ட வேண்டும் என்ற புத்தகமெல்லாம் அதற்குள்தான் வைத்திருந்தேன்" என்றான். அதற்குமேல் அவனும் பேசவில்லை. எங்களாலும் பேச முடியவில்லை.

பெட்டிக்கு என்ன மதிப்பு?

அதன் பிறகுதான் இந்தச் சாமானின் வியாபாரத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். மொத்த வியாபாரிக்கு எந்தச் சரக்கானாலும் அதன் கொள்முதல், விலை, இருப்பு தெரியாமல் தூக்கம் வராது.

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் மர விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். இன்றுள்ள பிளாஸ்டிக் கட்டையின் அமைப்புக்கு அவர் மகன் காட்ஃப்ரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த ஆண்டு செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடும் பொருந்தும். அளவு மாறவே இல்லை. படிக்கல் மாறாமல் இருந்தால் வாடிக்கையாளர் தலைமுறை தலைமுறையாக வருவார் என்பது நமக்குத் தெரியாத விஷயமா?

அளவு மாறாததால் பழைய சாமானுக்கும் சந்தை இருக்கிறது. கம்பெனி ஒரு மாதிரியைச் சில ஆண்டுகள் விற்றுவிட்டு நிறுத்திவிடும். பிறகு அதைத் தேடுகிறவர்கள் சேகரிப்பாளர்களிடம்தான் வாங்க வேண்டும். அங்கே முதல் கேள்வியே "பெட்டி இருக்கிறதா?" என்பதுதான். திறக்காத பெட்டிக்கு ஒரு விலை, திறந்தாலும் பெட்டியும் புத்தகமும் இருந்தால் ஒரு விலை, வெறும் கட்டைக்கு ஒரு விலை. நம் ஊரில் பழைய தையல் மெஷினை விற்கும்போது ரசீது இருக்கிறதா, மூடி இருக்கிறதா என்று கேட்பார்களே, அது போலத்தான்.

மாஸ்கோவில் உள்ள உயர் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரை வந்த 2,300க்கும் மேற்பட்ட லெகோ பெட்டிகளின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்தார்கள். திறக்காத பெட்டிகளின் விலை சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதமாவது ஏறியிருக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். சராசரிதான் அப்படி. சில பெட்டிகளில் பாதி விலை போய்விட்டது என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் யாரும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். நம் தாஜ்மகாலின் கதையைக் கேளுங்கள். 2008இல் 5,922 கட்டைகள் கொண்ட தாஜ்மகால் பெட்டியை அந்தக் கம்பெனி வெளியிட்டது. அமெரிக்காவில் விலை சுமார் 300 டாலர். பிறகு நிறுத்திவிட்டார்கள். சேகரிப்பாளர் சந்தையில் விலை பல மடங்கு ஏறியது. ஏறும் ஏறும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கியவர்கள் உண்டு. 2017இல் கம்பெனி அதே தாஜ்மகாலை, 5,923 கட்டைகளோடு, மறுபடியும் கடைக்குக் கொண்டுவந்தது. விலை சுமார் 370 டாலர். பதுக்கியவர்கள் கதி என்னவாயிருக்கும்? ஏலக்காயும் புளியும் காய்ந்த மிளகாயும் பதுக்கிப் பட்டுத் தெளிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புது வரத்து எப்போது வரும் என்பது நம் கையில் இல்லாத சரக்கில் பதுக்கல் ஒரு சூதாட்டம். இது தானியத்துக்கும் பொருந்தும், கட்டைக்கும் பொருந்தும்.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது லாபக் கணக்கு அல்ல. எங்கள் மகன் ஒன்றையும் விற்க நினைக்கவில்லை. அந்தப் பெட்டியும் சாமானின் ஒரு பகுதி என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நாற்பது ஆண்டு வியாபாரம் செய்த எங்களுக்குத் தெரியவில்லை. சொல்ல வருவது அதுதான்.

இரண்டு வகைப் பெட்டி

காலிப் பெட்டியில் இரண்டு வகை உண்டு. சரக்கை ஏற்றி வந்த பெட்டி ஒன்று. சரக்கோடு சேர்ந்த பெட்டி இன்னொன்று. முதல் வகை சுமைகூலிக்காரர் போல. இறக்கிய உடன் அதன் வேலை முடிந்தது. இரண்டாவது வகை அந்த வீட்டுப் பிள்ளை போல. வெளியே அனுப்பக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குவிப்பதும் தவறு. ஒன்றாக எறிவதும் தவறு. நாங்கள் நாற்பது ஆண்டு முதல் தவறைச் செய்தோம். ஒரே நாளில் இரண்டாவது தவறையும் செய்தோம்.

முதல் வகைக்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 சதுர அடிக் கிடங்குக்கு மாத வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடி 20 ரூபாய். காலிப் பெட்டிக் குவியல் 20 சதுர அடியை அடைத்தால் மாதம் 400 ரூபாய். அந்தக் குவியல் 60 கிலோ, கிலோ 10 ரூபாய் என்றால் 600 ரூபாய்க்கு விற்கும். இரண்டு மாதம் வைத்திருந்தால் 800 ரூபாய் வாடகை கொடுத்து 600 ரூபாய்ச் சரக்கைக் காத்திருக்கிறோம் என்று அர்த்தம். சொந்தக் கிடங்கு என்பவர்களும் ஏமாற வேண்டாம். அந்த இடத்தில் நான்கு மூட்டை சரக்கு நின்றிருக்கும்.

வாடகையை விடப் பெரிய கவலை எலியும் நெருப்பும். மின்சார மீட்டர் பெட்டிக்குக் கீழேயே அட்டை அடுக்கியிருக்கும் கடைகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். மேலே சொன்ன டென்மார்க் தச்சரின் பட்டறையே 1924இல் எரிந்து போனது. அவருடைய சிறு பிள்ளைகள் விளையாட்டாக வைத்த நெருப்பு மரச்சீவலில் பற்றிக்கொண்டது. 1942இல் தொழிற்சாலை மறுபடி எரிந்தது. 1960இல் மரச் சாமான் கிடங்கு எரிந்தபோதுதான் மரத்தை விட்டுவிட்டு முழுக்கப் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். மூன்று தீக்குப் பின்னும் அவர்கள் எழுந்துவிட்டார்கள். நம் போன்ற சிறு வியாபாரிக்கு ஒரு தீயே போதும்.

அந்தக் காலத்தில் வேறு கணக்கு இருந்தது. கோணிக்கு விலை உண்டு. 15 கிலோ எண்ணெய் டின்னுக்கு விலை உண்டு. தேயிலை வந்த பிளைவுட் பெட்டிக்கு அடிதடியே நடக்கும். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய அந்தப் பெட்டியைக் கடைக்காரரிடம் சொல்லி வைத்து வாங்கிப் போவார்கள். எதற்குத் தெரியுமா? பெரும்பாலும் கொலுப் பொம்மை வைக்க.

கொலுப் பெட்டி சொல்லும் பாடம்

எங்கள் ஊர்ப் பெயரில் பொம்மை இருந்தாலும் பொம்மைக்குப் பேர்போனவை காஞ்சிபுரமும் பண்ருட்டியும் மதுரை விளாச்சேரியும்தான். பொம்மையைச் சேகரிப்பது, காட்சிக்கு வைப்பது, பெட்டியில் பாதுகாப்பது என்ற மூன்றும் மேல்நாட்டார் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்கள் காலம் காலமாகச் செய்து வருகிறார்கள். ஒன்பது நாள் படியில். மீதி நாள் முழுக்கப் பெட்டியில். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, இடையில் வைக்கோலோ காகிதமோ திணித்து, எந்தப் பெட்டியில் எது என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். மண் பொம்மை இரண்டு மூன்று தலைமுறை உடையாமல் வருவதற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

அந்தக் கொலுவில் நம் இனத்தவர் ஒருவரும் உண்டு. தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்திருக்கும் செட்டியார், பக்கத்தில் ஆச்சி, எதிரே அரிசி பருப்பு வைத்த சின்னக் கடை. செட்டியார் கடை இல்லாத கொலு நிறைவாகத் தோன்றாது. படிக்குக் கீழே பிள்ளைகள் பூங்கா, ரயில், குளம் என்று கட்டுவார்கள். சென்ற 2025 நவராத்திரிக்கு எங்கள் பேத்தி அந்த இடத்தில் தன் அப்பாவின் லெகோ ரயில் நிலையத்தைக் கட்டினாள். புத்தகம் பழைய பேப்பரோடு போய்விட்டதே என்று நாங்கள் தயங்கினோம். அவள் போனில் கம்பெனியின் தளத்தைத் திறந்து, பெட்டியின் எண்ணைப் போட்டு, கட்டும் முறையை எடுத்துவிட்டாள். பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அப்படிக் கிடைக்கிறதாம். எண் எப்படித் தெரிந்தது? பள்ளிக்கூட நாளில் மகன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அவனும் இருப்புப் பதிவேடு வைத்திருந்த வியாபாரி மகன்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வைக்கும் முறை

சாமானை வெளியே வைப்பவர்களும் பெட்டியைக் காப்பவர்களும் கவனிக்க வேண்டியவை சில. கடையில் சரக்கு வைப்பதற்கும் இவை பொருந்தும்.

நம் கரையில் வெயில் காலை கிழக்கிலிருந்து அடிக்கும். கிழக்குப் பார்த்த கண்ணாடி அலமாரியில் வெளிர் நிறப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். அட்டையின் சிவப்பு வெளுக்கும். சோப்பு, பவுடர் பெட்டிகளை வெயில் படும் முன்வரிசையில் வைத்து வெளுக்கவிட்டு, பிறகு "பழைய சரக்கு" என்று வாடிக்கையாளர் ஒதுக்கும்போது வருத்தப்படுகிறோம். காலிப் பெட்டியைக் காட்சிக்கு வையுங்கள். சரக்கை நிழலில் வையுங்கள். காலிப் பெட்டிக்குக் கடையில் உள்ள ஒரே நியாயமான வேலை இதுதான். வெளுத்ததும் மாற்றிவிட வேண்டும்.

மரக்காணம் உப்பளம் வரை நீளும் இந்தக் கரையில் காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கிறது. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் அட்டை எதையும் வைக்கக் கூடாது. உப்பு ஈரத்தை இழுத்து அட்டைக்குக் கொடுத்துவிடும். காக்க வேண்டிய பெட்டியைத் தரையிலிருந்து மரச்சட்டத்தின் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். சர்க்கரை மூட்டைக்கு நாம் செய்வதுதான்.

பெட்டியை இடத்துக்காக மடிக்க நினைப்பவர்கள், ஒட்டிய ஓரத்தைக் கத்தியால் மெதுவாகப் பிரித்துத் தட்டையாக்கிப் புத்தகம் போல நிறுத்தி வைக்கலாம். படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றக் கூடாது. புத்தகத்தைத் தனி உறையில் போட்டு, பெட்டி எண்ணை வெளியே எழுதிவிடுங்கள். எழுதிய பெட்டியை யாரும் கண்ணை மூடிக்கொண்டு எறிய மாட்டார்கள். அந்துருண்டையைப் பிளாஸ்டிக் சாமானோடு போடாதீர்கள். சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். கட்டையில் தூசி படிந்தால் மெல்லிய பிரஷ் போதும். கழுவுவதானால் வெந்நீர் கூடாது. 40 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நிழலில் உலர்த்தல்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

மளிகையோடு பொம்மைப் பாக்கெட்டும் தொங்கவிடும் சிறு கடைக்காரர்கள் நம்மில் ஏராளம். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கு விலக்கு உண்டு. மற்றவற்றில் முத்திரை, விலை, செய்தவர் விலாசம் எல்லாம் பெரும்பாலும் பெட்டியில்தான் அச்சாகியிருக்கும். பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாமானைக் கூடையில் கொட்டி விற்றால், சோதனைக்கு வருபவரிடம் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது. விற்று முடியும் வரை அந்தப் பெட்டி நமக்குச் சாட்சி.

வெளிநாட்டுக் கட்டை ஏன் இத்தனை விலை என்று கேட்கும் வாடிக்கையாளருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டுச் சாமான் இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. அந்தக் கட்டையின் பழைய காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் அதே வடிவில் பலர் செய்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயர் போட்ட பெட்டியில் விற்பது குற்றம். அந்தச் சரக்கு எத்தனை மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

முடிவாக ஒரு யோசனை

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே, ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒரு நாளைக் குறித்து ஒரே வண்டி வைத்து எல்லாக் கடைகளின் காலி அட்டையையும் மொத்தமாக எடுக்க ஏற்பாடு செய்யலாம். தனித்தனியாக விற்பதை விட விலை கூடும். தெருச் சாக்கடையும் அடைபடாது. கொலு வைக்க வீட்டைச் சுத்தம் செய்யும் அதே நேரத்தில் கிடங்கும் சுத்தமாகும்.

ஆனால் வண்டியில் ஏற்றுவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் கிடங்கில் இப்போது பரணுக்குக் கீழே ஒரு பலகை தொங்குகிறது. "இங்குள்ளதைக் கேட்காமல் எடுக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறோம். மேலே இப்போதைக்கு ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது. 2026 பொங்கலுக்குப் பேத்திக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தது. கட்டி முடித்ததும் அவளே கொண்டுவந்து, "தாத்தா, பத்திரம்" என்று எங்கள் கையில் கொடுத்தாள். பரணில் நாங்களே ஏறி வைத்தோம்.